கேள்வி பதில்: காலேஜ் முடிக்காம வந்த இடதுகைக்காரன்

போன தடவை டொரண்டோ டென்னிஸ் ஃபைனல் பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. பாதிக்கு மேல அத ஜெயிச்ச அமெரிக்க ப்ளேயர் பென் ஷெல்டன் பத்திதான், அதனால இந்த தடவை முழுசா அவருக்கே ஒதுக்கியாச்சு. கிரிக்கெட் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த தடவை பாப்போம்.

கேள்வி: பையன் பிளஸ் ஒன், ஸ்டேட் லெவல்ல ஆடுறான். அமெரிக்கா காலேஜுக்கு அனுப்பினா நாலு வருஷம் வேஸ்ட், இப்பவே ப்ரோவா இறக்குங்கன்னு கோச் சொல்றாரு. ஷெல்டன் மட்டும் எப்படி காலேஜ் போயிட்டும் மேல வந்தாரு? - ஒரு அப்பா, கோயம்புத்தூர்

உங்க பையன் ஆடி நான் பாத்ததில்ல, அதனால அனுப்புங்க அனுப்பாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஷெல்டன் கதைய சொல்றேன், நீங்களே எடை போட்டுக்குங்க.

2002 அக்டோபர்ல அட்லாண்டால பொறந்தவரு. அப்பா பிரையன் ஷெல்டன் பழைய ப்ரோ பிளேயர், உலக ரேங்கிங்ல 55 வரைக்கும் வந்தவரு. அம்மா பக்கமும் டென்னிஸ் குடும்பம்தான், மாமா டாட் விட்ஸ்கென் டூர்ல ஆடுனவரு. இப்படி ஒரு வீட்டுல பொறந்தா நாலு வயசுலயே கையில ராக்கெட்ட திணிச்சிருப்பாங்கன்னுதானே நினைப்போம், அதான் இல்ல. சின்ன வயசுல பையனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் மேலதான் பைத்தியம், குவார்ட்டர்பேக் (டீமுக்கு பந்த எறிஞ்சு குடுக்கிற ஆளு) ஆடிட்டு இருந்தான், டென்னிஸ சீரியஸா எடுத்துக்கிட்டதே பன்னெண்டு வயச ஒட்டித்தான். அப்புறம் ஜூனியர் டோர்னமென்ட் ஆட வெளிநாடு போறேன்னு கேட்டப்ப அப்பா விடல. உள்ளூர்லயே இன்னும் நம்பர் ஒன் ஆகல, அதுக்குள்ள ஊர் சுத்தி என்ன பண்ணப்போறேங்கிற மாதிரி கேட்டாராம். நம்ம ஊர்ல பத்து வயசு பசங்கள தூக்கிக்கிட்டு ஸ்பெயினுக்கும் தாய்லாந்துக்கும் ஓடுற அப்பாம்மாவ நினைச்சா எனக்கு இந்த இடம் ரொம்ப பிடிக்கும்.

அப்புறம் ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி. அங்க ஆண்கள் டீமோட கோச்சே அப்பாதான். 2021 மே மாசம் அந்த டீம் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்க காலேஜ் விளையாட்டு அமைப்பு) சாம்பியன்ஷிப் ஃபைனல்ல பெய்லர் யூனிவர்சிட்டிய 4-1னு ஜெயிச்சுது, யூனிவர்சிட்டி வரலாற்றுலயே ஆண்கள் டென்னிஸ்ல அதான் முதல் பட்டம், கடைசி பாயின்ட்ட எடுத்துக் குடுத்தது முதல் வருஷ மாணவனா இருந்த பென். அடுத்த வருஷம், 2022ல, ஒத்தையர் பட்டத்தையே தூக்கிட்டாரு.

இங்க காலேஜ் டென்னிஸ் எப்படி நடக்கும்னு சொல்லணும், இல்லன்னா புரியாது. நம்ம டிவில பாக்குற மாதிரி அமைதியா கைதட்டிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. பக்கத்து பக்கத்துல ஆறு கோர்ட், ஆறு சிங்கிள்ஸ் மேட்ச்சும் ஒரே நேரத்துல ஓடும், அதுக்கு முன்னாடி மூணு டபுள்ஸ் ஆடி அதுல ரெண்டு ஜெயிச்ச டீமுக்கு ஒரு பாயின்ட், மொத்தம் ஏழு, முதல்ல நாலு எடுக்கிற டீம் ஜெயிக்கும். 40-40 ஆனா டியூஸ் அட்வான்டேஜ்னு இழுத்துக்கிட்டு இருக்கறதெல்லாம் கிடையாது, ஒரே பாயின்ட், அத்தோட கேம் முடிஞ்சுது. இதுக்கு நடுவுல எதிர் டீம் பசங்க நீ சர்வ் போடற வரைக்கும் காது பக்கத்துல கத்திக்கிட்டு இருப்பாங்க. மூணாவது கோர்ட்ல ஃப்ரெண்ட் தோத்துட்டான்னு தெரிஞ்சதும் நீ ஜெயிச்சே ஆகணும். வாரா வாரம் இத பழகிட்டு வர்ற ஒருத்தனுக்கு நியூயார்க்ல யு.எஸ். ஓப்பன்ல இருபதாயிரம் பேர் கத்தறது புதுசா தெரியுமா?

இன்னொரு பக்கத்தையும் யோசிங்க. பதினெட்டு வயசுல ப்ரோ ஆகி ரேங்க் 600ல இருக்கிற பையன் ஏதோ ஒரு ஊர்ல லாட்ஜ் ரூம்ல தனியா உக்காந்து துணிய அவனே துவைச்சுக்கிட்டு, முதல் ரவுண்டுல தோத்தா பஸ் பிடிச்சு அடுத்த ஊருக்கு போகணும். அதே வயசுல காலேஜ் பையனுக்கு ஜிம், ட்ரெய்னர், பிசியோ, சாப்பாடு எல்லாம் யூனிவர்சிட்டி செலவு, கூட ஆட பத்து பேர். உங்க கோச் வேஸ்ட்னு சொன்ன காலம் இதுதான். அவரு சொல்றதுலயும் ஒரு பாதி நியாயம் இருக்கு, அது கீழ வேற ஒருத்தர் கேட்டிருக்காரு, அங்க வரேன்.

கேள்வி: ஷெல்டன் முதல்ல ஜெயிச்சது நம்ம ராம்குமாரயாமே, உண்மையா? - ஒரு ஐ.டி. ஊழியர், சென்னை

உண்மைதான். 2022 ஜூலைல, பொறந்த ஊரு அட்லாண்டால, வைல்ட் கார்டு (ரேங்க் பத்தாதவங்களுக்கு போட்டி நடத்தறவங்க குடுக்கிற இடம்) வாங்கி இறங்கினாரு. ஏ.டி.பி. டூர்ல, அதாவது ஆண்கள் ப்ரோ டென்னிஸோட மேல் மட்டத்துல, அவரோட முதல் வெற்றி நம்ம சென்னை ராம்குமார் ராமநாதன் மேலதான். அடுத்த ரவுண்டுல இன்னொரு அமெரிக்கர் ஜான் இஸ்னர் கிட்ட மூணு செட் ஆடி தோத்தாரு.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ராம்குமார் தன் வாழ்க்கைல ஏ.டி.பி. டூர் சிங்கிள்ஸ் ஃபைனலுக்கு வந்தது 2018ல, நியூபோர்ட் புல்தரைல. அங்க அவர தோக்கடிச்சவரு ஸ்டீவ் ஜான்சன், அவரும் 2011, 2012ன்னு ரெண்டு தடவை என்.சி.ஏ.ஏ. சாம்பியன் ஆனவரு. அதே நியூபோர்ட்ல 1991லயும் 1992லயும் பட்டம் ஜெயிச்சவரு யாரு? பென்னோட அப்பா பிரையன். ராம்குமாருக்கும் அமெரிக்க காலேஜ் டென்னிஸுக்கும் ஏதோ வாய்க்கா தகராறு இருக்கு போல.

கணக்க நேர் பண்ண நம்ம பக்கம் ஒருத்தர் இருக்காரு. சோம்தேவ் தேவ்வர்மன், குவாஹாட்டில பொறந்து எட்டு வயசு வாக்குல சென்னைக்கு வந்து இங்க வளர்ந்தவரு. வர்ஜீனியா யூனிவர்சிட்டிக்கு ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. ஒத்தையர் சாம்பியன், 2007 ஃபைனல்ல ஜெயிச்சது அதே ஜான் இஸ்னர. 2008 சீசன்ல 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அடுத்த வருஷ ஆரம்பத்துல சென்னை ஓப்பன்ல வைல்ட் கார்டுல இறங்கி ஃபைனல் வரைக்கும் போனாரே, நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல அன்னைக்கு இருந்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. கோயம்புத்தூர் அப்பாவுக்கு ஷெல்டன விட இவருதான் பக்கத்து உதாரணம்.

கேள்வி: காலேஜ்ல இருக்கும்போது பெரிய ப்ளேயர தோக்கடிச்சா பரிசுப் பணம் கிடைக்குமா? - பி.காம். மாணவி, திருச்சி

ஷெல்டன் ஆடின காலத்துல செலவுக்கு மேல வாங்கக்கூடாது, அதான் அங்க ரூலா இருந்துச்சு, பல வருஷமா சண்டையும் அதுலதான். விமான டிக்கெட், ஹோட்டல், கோச் செலவு அளவுக்குத்தான் எடுத்துக்க முடிஞ்சுது, மீதி கைக்கு வராது. 2022 ஆகஸ்ட்ல சின்சினாட்டில ஷெல்டன் அப்ப உலக நம்பர் 5ஆ இருந்த காஸ்பர் ரூட 6-3, 6-3ன்னு ஊதித் தள்ளினாரு. அப்ப அவர் இன்னும் காலேஜ் பையன், அடுத்த செமஸ்டர் பக்கத்துல வந்து நிக்குது. அதுக்கப்புறம் சில நாள்லயே ப்ரோ ஆகறேன்னு அறிவிச்சிட்டாரு, காலேஜ்ல இன்னும் ரெண்டு வருஷம் ஆட தகுதி இருந்தும். அந்த வருஷ யு.எஸ். ஓப்பன்ல முதல் ரவுண்டுல தோத்தாலே 80,000 டாலர், அவரும் முதல் ரவுண்டுலயே அஞ்சு செட் ஆடி நூனோ போர்ஜஸ் கிட்ட தோத்தாரு. போர்ஜஸ் யாருன்னா அவரும் காலேஜ் ப்ளேயர்தான், மிசிசிப்பி ஸ்டேட்.

நாள் பாத்து முடிவெடுக்கறதுன்னா இதான். முன்னாடியே போயிருந்தா காலேஜ் சாம்பியன் பட்டம் இல்ல, இன்னும் ரெண்டு வருஷம் உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாருக்கு தெரியும். படிப்ப அப்படியே விட்டுட்டாரான்னா இல்ல, ஆன்லைன்ல கிளாஸ் தொடர்ந்துக்கிட்டுதான் டூர்ல சுத்தினாரு.

பணத்துல ஒரு மாற்றம், 2021 ஜூலைலேர்ந்து காலேஜ் பசங்க தங்களோட பேரயும் முகத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு விட்டுட்டாங்க. அப்புறம் ஸ்காலர்ஷிப் பத்தி ஒரு விஷயம், நிறைய பேருக்கு தெரியாது, ரொம்ப காலமா ஒரு ஆண்கள் டீமுக்கு மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப்தான், அத எட்டு பத்து பேருக்கு பிச்சு பிச்சு குடுப்பாங்க, பெண்கள் டீமுக்கு எட்டு. 2025லேர்ந்து ஒரு கோர்ட் கேஸ் சமரசத்துக்கு அப்புறம் அந்த கணக்கு மாறி, இப்ப டீம்ல எத்தனை பேர்ங்கிறதுக்குத்தான் வரம்பு. ஏஜென்ட் 'ஃபுல் ஸ்காலர்ஷிப் வாங்கித் தரேன்'னு சொன்னா எழுத்துல குடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: அவரு இடது கையா? - எட்டாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

ஆமா தம்பி. யோனெக்ஸ் ராக்கெட். 2023 யு.எஸ். ஓப்பன்ல டாமி பால் மேட்ச்ல ஒரே கேம்ல ரெண்டு சர்வ் 149 மைல் வேகம், நம்ம கணக்குல 240 கிலோமீட்டர். பைபாஸ்ல போற உங்க அப்பா பைக்க விட மூணு பங்கு.

கேள்வி: மேட்ச் ஜெயிச்சதும் போன் பேசி வைக்கிற மாதிரி சைகை காட்டறாரே, திமிருதானே? ஜோகோவிச் அத திருப்பிக் காட்டினது சரியான பதிலடி. - ஒரு ஜோகோவிச் வெறியன், சேலம்

பேர்லயே உங்க தீர்ப்ப எழுதிட்டீங்க, நான் என்ன சொல்ல. 2023 யு.எஸ். ஓப்பன்ல ஆரம்பிச்சது அது, காதுல கைய வச்சு பேசி, டொக்குனு போன வைக்கிற மாதிரி. இருபது வயசுல செமி ஃபைனலுக்கு வந்தாரு, 1992ல மைக்கேல் சாங்குக்கு அப்புறம் அந்த வயசுல யு.எஸ். ஓப்பன் செமி வந்த முதல் அமெரிக்க ஆண் அவருதான். ஜோகோவிச் நேர் செட்டுல ஜெயிச்சிட்டு அதே சைகைய அவர்கிட்டயே காட்டினாரு, நெட்ல கை குடுக்கும்போது ஷெல்டன் மூஞ்சி போன போக்க பாத்திருப்பீங்க. எனக்கு ரெண்டுமே பிடிச்சுது. காலேஜ் டென்னிஸ்ல கத்தாம கொண்டாடினா உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க, அங்கேர்ந்து வந்த பையன் கிட்ட விம்பிள்டன் அடக்கத்த எதிர்பாக்கறதுல நியாயம் இல்ல.

கேள்வி: அப்பாவே கோச்சா இருந்தா வீட்டுல சோறு எப்படி இறங்கும்? - கல்லூரி பேராசிரியை, மதுரை

நல்ல கேள்வி, எனக்கும் அதே சந்தேகம். நான் எட்டாவது படிக்கும்போது எங்கப்பா கணக்கு சொல்லித் தந்த ராத்திரி எல்லாம் பட்டினிதான்.

ஆனா பிரையன் ஷெல்டன் சாதாரண டென்னிஸ் அப்பா இல்ல. அலபாமால ஹன்ட்ஸ்வில்லேர்ந்து வந்து ஜார்ஜியா டெக்ல ஆடி ப்ரோ ஆனவரு. 1994 விம்பிள்டன்ல முதல் ரவுண்டுல ரெண்டாம் சீட் (ரேங்க் பாத்து போட்டியில ரெண்டாவது இடத்துல வச்சவரு) மைக்கேல் ஷ்டீக்க தூக்கி நாலாவது ரவுண்டு வரைக்கும் போனாரு. அப்புறம் ஜார்ஜியா டெக் பெண்கள் டீமுக்கு கோச்சா 2007ல என்.சி.ஏ.ஏ. பட்டம், ஃப்ளோரிடா ஆண்கள் டீமுக்கு 2021ல பட்டம். ஆண்கள், பெண்கள்னு ரெண்டு பக்கமும் டீம் பட்டம் வாங்கிக் குடுத்த ஒரே கோச் அவருதான். அப்படிப்பட்ட வேலைய 2023 ஜூன்ல ராஜினாமா பண்ணிட்டு பையன் கூட டூர்ல கெளம்பிட்டாரு.

அந்த நேரத்த கவனிங்க. பையன் ஜெயிச்சுக்கிட்டு இருந்தப்ப இல்ல, வரிசையா தோத்துக்கிட்டு இருந்தப்ப. 2023 ஜனவரில ஆஸ்திரேலியா போனாரு, அமெரிக்காவ விட்டு வெளிய காலடி வச்சதே அதான் முதல் தடவை, நேரா போய் ஆஸ்திரேலியன் ஓப்பன் கால் இறுதி, உலகமே வாய பொளந்துச்சு. அதுக்கப்புறம் டூர் லெவல்ல தொடர்ந்து ரெண்டு மேட்ச் ஜெயிக்க யு.எஸ். ஓப்பன் வரைக்கும் ஆச்சு. ஐரோப்பா செம்மண் தரைல முதல் தடவை ஆடறாரு, ஒவ்வொரு ஊரும் புதுசு, ஒவ்வொரு எதிராளியும் புதுசு, ஹோட்டல் சாப்பாடும் புதுசு. அந்த மாசங்கள்ல ரொம்ப பேரு 'ஒரு டோர்னமென்ட் அதிர்ஷ்டம்'னு எழுதினாங்க, நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைச்சேன், எழுதலங்கிறது மட்டும்தான் மிச்சம். காலேஜ் போனதோட விலைன்னு ஒண்ணு இருந்தா அது இதுதான், மத்த பசங்க பதினஞ்சு வயசுல பட்ட அடிய இவரு இருபது வயசுல, டிவி முன்னாடி பட்டாரு.

கேள்வி: காலேஜ் சாம்பியன் எல்லாரும் ஷெல்டன் ஆகிடுவாங்களா? - ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர், திண்டுக்கல்

சார், கோயம்புத்தூர் கோச் பக்க நியாயம் இங்கதான் இருக்கு. 2015லேர்ந்து 2021 வரைக்கும் எடுத்துக்குங்க, கொரோனால 2020 போட்டி நடக்கல, மிச்சம் ஆறு ஆண்கள் ஒத்தையர் சாம்பியன். அதுல உலக டாப் 100க்குள்ள வந்தது ஒரே ஒருத்தர், 2016ல ஜெயிச்ச மெக்கன்சி மெக்டொனால்ட். 2021 சாம்பியன் சாம் ரிஃபிஸ் ஷெல்டனோட அதே ஃப்ளோரிடா டீம், அதே கோச், அதே சாப்பாடு, டாப் 100 பக்கம் வர முடியல. பட்டம் ஜெயிச்சா கதவு தட்டலாம், தொறக்கறது வேற விஷயம்.

ஷெல்டன் எப்படி தொறந்தாருன்னா, ப்ரோ ஆன உடனே பெரிய டோர்னமென்ட்ல வைல்ட் கார்டு கேட்டுக்கிட்டு நிக்கல. 2022 நவம்பர்ல சார்லட்ஸ்வில், நாக்ஸ்வில், ஷாம்பெயின்னு மூணு சேலஞ்சர் (ஏ.டி.பி. டூருக்கு ஒரு படி கீழ இருக்கிற போட்டி) அடுத்தடுத்து ஆடி மூணையும் ஜெயிச்சாரு. கூட்டமும் கேமராவும் அவ்வளவா எட்டிப் பாக்காத இடம் அதெல்லாம். அந்த வருஷ ஆரம்பத்துல ரேங்க் 500க்கு வெளிய இருந்தவரு வருஷ முடிவுல 100க்குள்ள. ஆஸ்திரேலியா கால் இறுதிய எல்லாரும் பேசறாங்க, என்னைக் கேட்டா அந்த மூணு வாரம்தான் பெருசு.

கேள்வி: பெண்கள்ல இப்படி யாரும் இல்லையா? எப்பவும் ஆம்பளைங்க கதையே எழுதறீங்க. - இல்லத்தரசி, ஈரோடு

தப்புதான். டேனியல் காலின்ஸ் வர்ஜீனியாவுக்கு ஆடி 2014, 2016ல சாம்பியன், 2022 ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல் வரைக்கும் போனவங்க. எம்மா நவாரோ அதே வர்ஜீனியா, 2021 சாம்பியன், 2024 யு.எஸ். ஓப்பன் செமி. காலின்ஸுக்கு மட்டும் தனியா ஒரு பக்கம் எழுதணும், எழுதறேன்.

கேள்வி: தங்கச்சிக்கு லீவு கேட்டு மைக்ல பேசினது இவருதானா? - வங்கி ஊழியர், நாகர்கோவில்

இவருதான், ஆனா அக்கா. 2025 விம்பிள்டன்ல ஒரு மேட்ச் ஜெயிச்சிட்டு கோர்ட்லயே மைக்க பிடிச்சு, அக்கா எம்மா மோர்கன் ஸ்டான்லில வேலை பாக்கறா, திங்கக்கிழமை ஆபீஸ் போகணும், யாராவது பேசி ரெண்டு நாள் லீவு வாங்கிக் குடுங்கன்னு கேட்டாரு. கிடைச்சிருச்சு. அதே விம்பிள்டன்ல இன்னொரு கூத்து, ரிங்கி ஹிஜிகாடா கூட ஆடின மேட்ச் இருட்டிப்போச்சுன்னு ஒரே ஒரு கேம் பாக்கி இருக்கும்போது நிறுத்திட்டாங்க. மறுநாள் வந்தாரு, மூணு ஏஸ் (எதிராளி தொட முடியாத சர்வ்), ஒரு நிமிஷம் சொச்சத்துல முடிச்சிட்டு கெளம்பிட்டாரு. அதுக்கு ஷூ கயிறு கட்டவே அதிக நேரம் ஆகியிருக்கும்.

கேள்வி: சர்வ் தவிர வேற என்ன இருக்கு அவர்கிட்ட? ஓவரா தூக்கி வச்சு ஆடாதீங்க. - பெயர் வேண்டாம், புதுச்சேரி

இந்த கடுப்பு எனக்கு பிடிச்சிருக்கு. ரிட்டர்ன் இன்னும் சுமார்தான், பேக்ஹேண்ட் பக்கம் அழுத்தினா தடுமாறுவாரு, இத்தாலிக்காரர் யானிக் சின்னர் கிட்ட பெரும்பாலும் அதான் நடந்திருக்கு. 2025 ஆஸ்திரேலியன் ஓப்பன் செமி, அதே வருஷம் விம்பிள்டன் கால் இறுதி, ரெண்டுலயும் சின்னர்தான் வாசல்ல நின்னாரு.

ஆனா வெறும் சர்வ்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். வெறும் சர்வ் வச்சிருக்கறவரு 2024ல ஹூஸ்டன் களிமண் தரைல பட்டம் ஜெயிக்க முடியாது. 2025 ஆகஸ்ட்ல டொரண்டோ மாஸ்டர்ஸ் (யு.எஸ். ஓப்பன் மாதிரி நாலு பெரிய போட்டிக்கு அடுத்த படி) ஃபைனல், கச்சனோவ் கூட முதல் செட் டை பிரேக்ல (6-6 ஆனா செட்ட முடிக்க ஆடற கேம்) போச்சு, ரெண்டாவது 6-4, மூணாவது மறுபடி டை பிரேக், அதுல 7-3. 2004ல ஆண்டி ராடிக்குக்கு அப்புறம் மாஸ்டர்ஸ் 1000 ஜெயிச்ச மிக இளம் அமெரிக்கர் இவருதான். அந்த மூணாவது செட்ல ஜெயிச்சு குடுத்தது கால், சர்வ் இல்ல. ஓடி ஓடி எடுத்தாரு. மேட்ச் மறுபடி கிடைச்சா பாருங்க, அப்புறம் திட்டுங்க.

கேள்வி: யு.எஸ். ஓப்பன்ல அழுதுகிட்டே வெளிய போனாரே, தோள்பட்டை என்ன ஆச்சு? - ஒரு பிசியோதெரபி மாணவி, வேலூர்

டொரண்டோ ஜெயிச்ச மூணு வாரத்துலயே, 2025 யு.எஸ். ஓப்பன் மூணாவது ரவுண்டு. மன்னாரினோ கூட ரெண்டுக்கு ஒண்ணுன்னு செட் முன்னாடி இருந்தாரு, இடது தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு, நாலாவது செட்ட விட்டதும் முடியலன்னு கை குடுத்துட்டாரு. அழுதத பாத்தேன். முதல் பெரிய காயம், அதுவும் சர்வ் போடற கை, சொந்த நாட்டு கூட்டம் முன்னாடி.

பக்கத்துல நின்ன அப்பா கிட்ட இதுக்கு மேல வலின்னு இதுவரைக்கும் நான் அனுபவிச்சதே இல்லன்னு அவரு சொன்னது மைக்ல கேட்டுச்சு. சில வாரம் ஓய்வு, அப்புறம் திரும்பி வந்து நவம்பர்ல டூரின் ஏ.டி.பி. ஃபைனல்ஸுக்கு (வருஷத்தோட டாப் எட்டு பேர் ஆடற போட்டி) முதல் தடவையா தகுதி, ரேங்க் 5. அங்க மூணு மேட்ச்சும் தோல்வி, ஸ்வெரெவ், ஓஜே அலியாசிம், கடைசில யாருன்னு சொல்லணுமா, சின்னர்.